கூரையைப் பார்ப்பவர்களும் கூரையைப் பார்த்து நீந்துபவர்களும்

1972 மியூனிக் ஒலிம்பிக். ஆண்கள் 400 மீட்டர் தனிநபர் மெட்லி, அதாவது நான்கு வகை நீச்சலும் கலந்த பந்தயம். ஸ்வீடனின் குன்னார் லார்சனும் அமெரிக்காவின் டிம் மெக்கீயும் ஒன்றாகச் சுவரைத் தொட்டார்கள். இருவருக்கும் 4 நிமிடம் 31.98 வினாடி. கருவி ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி வரை அளக்கக்கூடியது என்பதால் அதையும் எடுத்துப் பார்த்தார்கள். லார்சனுக்கு 31.981, மெக்கீக்கு 31.983. தங்கம் லார்சனுக்குப் போனது.

அந்த வேகத்தில் நீந்துபவர் 0.002 வினாடியில் கடப்பது சுமார் 3 மில்லிமீட்டர். ஒரே குளத்தின் இரண்டு தடங்களுக்கு இடையில் 3 மி.மீ. வித்தியாசம்கூட இருக்காது என்று எந்தக் கொத்தனாரும் எழுதிக் கொடுக்க மாட்டார். போட்டிக் குளம் 50 மீட்டருக்குக் குறையக் கூடாது, 3 செ.மீ. வரை கூடலாம் என்பதுதான் நீண்ட காலம் இருந்த விதி. அதுவும் 400 மீட்டர் என்றால் எட்டு நீளம். தடத்தில் இருக்கும் வித்தியாசமும் எட்டால் பெருகும். ஆக, அன்று கருவி அளந்தது லார்சனின் வேகத்தையா, பூச்சு வேலையின் தடிமனையா என்று சொல்ல வழியில்லை. பிறகு நூறில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டார்கள். 2016 ரியோவில் ஆண்கள் 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் ஃபெல்ப்ஸ், லெ க்ளோஸ், செஹ் மூவரும் 51.14 வினாடியில் வந்து மூவருமே வெள்ளி வாங்கியது இதனால்தான்.

கட்டடம் எவ்வளவு துல்லியமோ அந்த அளவுக்குத்தான் விளையாட்டும் துல்லியமாக இருக்க முடியும் என்று ஒரு விளையாட்டே ஒப்புக்கொண்ட இடம் இது. எனக்கு இந்தக் கதை பிடிக்கக் காரணம் உண்டு. விளையாட்டு அரங்குகளுக்குக் காற்றோட்டம், வெளிச்சம் சம்பந்தப்பட்ட வரைபடங்கள் போடுவது என் வேலை. கூட்டங்களில் எல்லாரும் கூரையின் வளைவைப் பற்றிப் பேசி முடித்த பிறகு கடைசிப் பத்து நிமிடம் எங்களுக்குக் கிடைக்கும். விளையாடுபவருக்கோ அந்தக் கட்டடம் வந்து சேர்வது முக்கியமாக மூன்று வழிகளில்: பாதம், கண், மூச்சு. முகப்பு அவர் கண்ணில் படுவது பேருந்திலிருந்து இறங்கும்போது மட்டும்.

கண்ணிலிருந்தே தொடங்கலாம். இதில் நடந்த மிகப் பெரிய கூத்து அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து ஆஸ்ட்ரோடோம். 1965-இல் திறந்தார்கள். பேஸ்பால் ஆடக் கூரை போட்ட, குளிரூட்டப்பட்ட பிரம்மாண்ட அரங்கம். உலகின் எட்டாவது அதிசயம் என்றே அதற்குப் பட்டம் கட்டினார்கள். உள்ளே உண்மையான புல் வளர வேண்டும் என்பதற்காகக் கூரை முழுக்க ஆயிரக்கணக்கான ஒளிபுகும் பலகைகள். பகல் ஆட்டம் தொடங்கியதும்தான் தெரிந்தது, உயரே போகும் பந்தை ஆட்டக்காரர்களால் பார்க்கவே முடியவில்லை. பளிச்சென்ற பலகை, அதைத் தாங்கும் கறுப்புச் சட்டம், மறுபடி பலகை, மறுபடி சட்டம். அந்தக் கட்டங்களுக்கு நடுவே வெள்ளைப் பந்து எங்கே போனது என்று கைகளை விரித்துக்கொண்டு நின்றார்கள். பலகைகளுக்கு வண்ணம் பூசினார்கள். பந்து தெரிந்தது, புல் செத்தது. மிச்சப் பருவத்தைச் செத்த புல்லுக்குப் பச்சைச் சாயம் அடித்து ஓட்டினார்கள். 1966-இல் செயற்கைப் புல் விரிப்பு வந்தது. ஆஸ்ட்ரோடர்ஃப் என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான். அந்த முதல் தலைமுறை விரிப்புகளின் கடினத்தையும், விழுந்தால் தோல் உரிவதையும் பற்றி அடுத்த பல பத்தாண்டுகளுக்கு ஆட்டக்காரர்கள் புலம்பினார்கள்.

கூரைப் பலகையில் எடுத்த ஒரு முடிவு முழங்காலில் வந்து முடிந்தது. இவ்வளவுக்கும் அந்தப் பலகைகளைத் தேர்ந்தெடுத்தவர்கள் முட்டாள்கள் இல்லை. புல்லுக்கு வெளிச்சம் வேண்டும் என்று சரியாகவே யோசித்தார்கள். அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஓடும் ஒருவரின் இடத்தில் நின்று யாரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

பாட்மின்டனில் இதே சிக்கல் சின்ன அளவில் தினமும் நடக்கிறது. வார இறுதியில் ஆடுபவன் என்ற முறையில் இதை அனுபவித்தே சொல்கிறேன். கோர்ட்டுக்கு நேர் மேலே விளக்கு இருந்தால் ஸ்மாஷ் அடிக்க அண்ணாந்த கணத்தில் ஷட்டில் கரைந்துவிடும். விளக்குகள் கோர்ட்டின் இரு பக்கவாட்டிலும் வரிசையாக இருக்க வேண்டும். கோர்ட்டின் இரு முனைகளிலும் இருக்கும் சுவர்கள் அடர்நிறமாக, ஜன்னல் இல்லாமல் இருக்க வேண்டும். ‘இயற்கை வெளிச்சம் நிறைந்த நவீன அரங்கம்’ என்று விளம்பரப் பலகையில் பார்த்தால், உள்ளே போய் ஆடுவதற்கு முன்பே எனக்குக் கண் கூசும்.

மல்லாந்து நீந்துபவர்களின் கதை இன்னும் சுவாரசியமானது. குளத்தின் அடியில் கறுப்புக் கோடு இருக்கிறதே, அது மற்ற நீச்சல்களுக்கு. பேக்ஸ்ட்ரோக் நீந்துபவருக்கு வழிகாட்டி கூரைதான். உத்தரம், விளக்கு வரிசை, ஏசி குழாய், ஏதோ ஒன்று தடத்துக்கு இணையாக ஓடினால் அதைப் பிடித்துக்கொண்டு நேராகப் போவார். சுவருக்கு 5 மீட்டர் முன்னால் கொடிகள் தொங்கும். அதிலிருந்து கையெண்ணிக்கை வைத்துத் திரும்புவார். கூரை குறுக்காகவோ அலையலையாகவோ ஓடினால் என்ன ஆகும்? தன்னையறியாமல் அந்த வளைவைப் பின்பற்றித் தடக் கயிற்றில் தோளை இடித்துக்கொள்வார். நீச்சல் அரங்கம் என்றாலே கட்டடக் கலைஞர்களுக்கு அலை ஞாபகம் வந்துவிடுகிறது, கூரையை நெளித்துவிடுகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. அதன் அடியில் தடத்துக்கு இணையாக ஒரு நேர்வரிசை விளக்காவது போடுங்கள் என்று கேட்பது என் வழக்கம். பாதி நேரம் நடக்கும்.

டைவிங் அடிப்பவர்களுக்குப் பிரச்சினை வேறு. பத்து மீட்டர் உயரத்திலிருந்து சுழன்று வரும்போது தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரிய வேண்டும். அசையாத தெளிந்த நீர் கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் டைவிங் குளத்தின் மேல் எப்போதும் ஒரு நீர்த்தூவல் விழுந்துகொண்டிருக்கும். அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு.

சரி, பாதத்துக்கு வருவோம். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி 1970-களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நடந்தது. தாமஸ் மெக்மஹன், பீட்டர் கிரீன் என்ற இருவர் கேட்ட கேள்வி எளிமையானது: ஓடுதளம் எவ்வளவு கெட்டியாக இருந்தால் மனிதன் அதிக வேகமாக ஓடுவான்? கான்கிரீட் மாதிரி கெட்டியாக இருந்தால் சக்தி வீணாகாது, அதனால் கெட்டியே நல்லது என்றுதான் நமக்குத் தோன்றும். அவர்கள் ஓடும் காலை ஒரு சுருள்வில்லாக வைத்துக் கணக்குப் போட்டார்கள். தளமும் ஒரு சுருள்வில். இரண்டும் சேர்ந்து அமுங்கி எழும்ப வேண்டும். தளம் மிகவும் மெத்தென்றிருந்தால் கால் தரையில் நிற்கும் நேரம் கூடி வேகம் படுத்துவிடும். நுரை மெத்தைகளை அடுக்கி அதன் மேல் ஆட்களை ஓடவிட்டு இதை நேரிலும் பார்த்தார்கள். மிகவும் கெட்டியாக இருந்தால் அதிர்ச்சி முழுக்கக் காலுக்கே. நடுவில் ஒரு குறுகிய எல்லை இருக்கிறது. அங்கே கால் தரையைத் தொடும் நேரம் கொஞ்சம் குறைகிறது, அடியின் நீளம் கொஞ்சம் கூடுகிறது. கான்கிரீட்டைவிட வேகம் அதிகம்!

காகிதத்தோடு நிற்காமல் கட்டியும் பார்த்தார்கள். 1977-இல் ஹார்வர்டின் உள்ளரங்க ஓடுதளம், மரச் சட்டங்களும் ஒட்டுப்பலகையும் மேலே ரப்பர் போன்ற பாலியூரித்தேனும் கொண்டு, அந்தக் கணக்குப்படி அமைக்கப்பட்டது. அங்கே ஓடியவர்களின் வேகம் சுமார் 3 சதவீதம் கூடியது. காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. 3 சதவீதம் என்பது ஒரு மைலை 4 நிமிடத்தில் ஓடுபவருக்கு 7 வினாடி. எந்த ஷூவுக்கு இவ்வளவு கிடைத்தாலும் அது தலைப்புச் செய்தியாகும்.

இதில் என்னை நிறுத்தியது வேகம் இல்லை, காயம்தான். பயிற்சி எடுப்பவர் ஒரு நாள் ஓடுவதோடு முடிவதில்லை. ஆண்டு முழுக்க, ஒரே தளத்தில், லட்சக்கணக்கான முறை பாதம் பதிக்கிறார். முழங்கால் தாங்கினால்தான் அடுத்த பருவம். இன்று ஓடுதளங்களுக்கான சர்வதேச விதியே இந்தக் கணக்கைத்தான் பேசுகிறது: கான்கிரீட்டோடு ஒப்பிட அதிர்ச்சியை 35 முதல் 50 சதவீதம் வரை தளம் உள்வாங்க வேண்டும், 0.6 முதல் 2.5 மி.மீ. வரை அமுங்க வேண்டும். குறைந்தபட்சம் மட்டும் சொல்லாமல் மேல் எல்லையையும் சொல்கிறார்கள் பாருங்கள். டோக்கியோவில் கார்ஸ்டன் வார்ஹோம் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 45.94 வினாடியில் முடித்தபோது, தளம் டிராம்போலின் மாதிரி துள்ளுகிறது என்று ஒரு பேச்சு எழுந்தது. துள்ளட்டும், எல்லாத் தடங்களும் ஒரே மாதிரி துள்ளினால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஒரே மாதிரி என்பதுதான் கஷ்டம். உள்ளரங்க மரத்தளத்தில் பலகைக்கு அடியில் சட்டங்கள் ஓடும். சட்டத்தின் மேல் குதித்தால் ஒரு கடினம், இரண்டு சட்டங்களுக்கு நடுவே குதித்தால் வேறு கடினம். அடியில் ஈரம் ஏறினால் ஒரு மூலை மட்டும் செத்துப்போகும். பந்து அங்கே சரியாக எழும்பாது. பழகிய ஆட்டக்காரர்களுக்கு அந்த இடம் தெரியும், எதிரணியை அங்கே தள்ளிக்கொண்டு போவார்கள்.

அடுத்தது காற்று, என் சொந்தத் தொழில். கொஞ்சம் அதிகம் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிள் பந்தய அரங்கத்தில் காற்றுதான் எதிரி. அந்த வேகத்தில் ஓட்டுபவரின் உழைப்பில் மிகப் பெரும் பகுதி காற்றைக் கிழிக்கவே போகிறது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. 18 டிகிரியிலிருந்து 28 டிகிரிக்கு ஏற்றினால் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும், அதே உழைப்புக்கு வேகம் ஒரு சதவீதம் கூடும். நாலு நிமிடப் பந்தயத்தில் அது இரண்டு வினாடிக்கு மேல். லண்டன் 2012 ஒலிம்பிக்கின் சைக்கிள் அரங்கமான வெலோட்ரோமை வடிவமைத்த ஹாப்கின்ஸ் நிறுவனத்தார் சைக்கிள் வீரர் கிறிஸ் ஹோயிடம் ஆலோசனை கேட்டார்கள். ஓடுதளம் இருக்கும் பகுதியை 26, 28 டிகிரி என்று சூடாக வைத்திருக்கும்படி அமைத்தார்கள். கதவு திறந்தால் உள்ளே வரும் குளிர்காற்றுக்கும் வழி அடைத்தார்கள். ஆனால் வானிலையை யாரால் அடைக்க முடியும்? 2015-இல் அதே அரங்கில் பிராட்லி விக்கின்ஸ் ஒரு மணி நேரச் சாதனைக்கு (ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் ஓட்ட முடியும் என்பது) முயன்ற அன்று வெளியே காற்றழுத்தம் வழக்கத்தைவிட அதிகம், காற்று தடித்திருந்தது. 54.526 கி.மீ. ஓட்டிச் சாதனை படைத்தார் என்றாலும், வேறொரு நாளில் இன்னும் தூரம் போயிருப்பார் என்று கணக்குப் போட்டவர்கள் நிறைய. 2019-இல் அதே சாதனையை முறியடிக்க விக்டர் காம்பெனார்ட்ஸ் மெக்சிகோவின் அகுவாஸ்காலியெண்டஸுக்குப் போனார். கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேலே இருக்கும் அரங்கம், காற்று மெலிது. 55.089 கி.மீ. மூச்சுக்கும் காற்று குறைவுதான், ஆனாலும் கணக்கு லாபத்தில் முடிந்தது.

பாட்மின்டனில் இதற்கு நேர் எதிர். காற்று அசையவே கூடாது. ஷட்டிலின் எடை 5 கிராம் சுமார். ஐந்தாயிரம் பார்வையாளர்களுக்கு வியர்க்காமல் இருக்க ஏசி ஊதும் காற்று, கோர்ட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்ல நகர்ந்தாலே போதும், பின்கோட்டில் விழ வேண்டியது ஓர் அடி வெளியே போகும். டாஸ் ஜெயித்தவர் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் பெரும்பாலும் நாங்கள் வரைந்த குழாய்தான். இருக்கைகளுக்குக் கீழிருந்து மெதுவாகக் காற்றை விடுவது ஒரு வழி. செலவு அதிகம் என்பதால் பல அரங்குகளில் கூரையிலிருந்தே ஊதிவிடுகிறார்கள்.

நீச்சல் அரங்கின் காற்று எனக்கு நிஜமாகவே கவலை தரும் விஷயம். குளத்துக்குப் போனால் மூக்கில் ஏறும் நெடியைக் குளோரின் என்கிறோம். அதில் பெரும்பகுதி குளோரமீன்; வியர்வை, சிறுநீர் இவற்றோடு குளோரின் சேர்ந்து உண்டாவது. அதில் டிரைகுளோரமீன் என்ற வகை காற்றைவிடக் கனமானது, தண்ணீரின் மேற்பரப்பை ஒட்டியே படுத்துக்கிடக்கும். நீந்துபவரின் வாய் இருப்பதும் அங்கேதான், பரப்புக்கு ஒரு சாண் மேலே. நாளைக்கு நாலு மணி நேரம், மூச்சிரைக்க. உயர்மட்ட நீச்சல் வீரர்களிடம் ஆஸ்துமா அதிகம் காணப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

எங்கள் பாடப்புத்தக வழக்கம் இதை மோசமாக்குகிறது. தண்ணீரின் மேல் காற்று வீசினால் ஆவியாதல் கூடும், மின்செலவு ஏறும். அதனால் காற்றைக் கண்ணாடிச் சுவர்களின் மேல் வீசு, மாடத்தில் இருப்பவர்களுக்கு வீசு, தண்ணீரைத் தொடாதே என்று சொல்லிக்கொடுப்பார்கள். கண்ணாடியில் நீர் படியாது, பார்வையாளர் சுகமாக இருப்பார், அந்த ஒரு சாண் உயரக் காற்று மட்டும் அசையாமல் கிடக்கும். வழி இருக்கிறது. ஒரு பக்கமிருந்து பரப்பின் மேல் மெல்லிய காற்றைத் தள்ளி, எதிர்ப்பக்கம் குளத்தின் விளிம்பிலேயே, தாழ்வாக, உறிஞ்சி வெளியேற்றுவது. பார்க்க ஒன்றும் இருக்காது, ஒரு நீளமான பெஞ்சுக்கு அடியில் சல்லடை, அவ்வளவே. செலவைக் குறைக்கும் கூட்டத்தில் முதலில் அடிபடுவதும் அதுதான்.

தண்ணீரைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். பெய்ஜிங் 2008-இன் வாட்டர் கியூப் குளம் 3 மீட்டர் ஆழம். உலகச் சாதனைகள் கொட்டின. ‘வேகமான குளம்’ என்றார்கள். அந்த ஆண்டு வந்து பிறகு தடை செய்யப்பட்ட நீச்சலுடைகளை மறந்துவிட்டார்கள். பாரிஸ் 2024-இன் தற்காலிகக் குளம் 2.15 மீட்டர், ‘மெதுவான குளம்’ என்றார்கள். அதில்தான் பான் ஷான்லே 100 மீட்டரை 46.40 வினாடியில் நீந்தி உலகச் சாதனை வைத்தார். ஆழம் உதவும். அடியில் மோதித் திரும்பும் அலை குறையும், விளிம்பு வடிகால் அலையை விழுங்கும், இரு ஓரத் தடங்களையும் காலியாக விட்டால் இன்னும் நல்லது. ஆனால் என் கண்ணில் இதைவிடப் பெரிய விஷயம் தடங்களுக்கு இடையிலான நியாயம். 2013 பார்சலோனா உலகச் சாம்பியன்ஷிப் முடிவுகளை இந்தியானா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அலசியபோது, குளத்தில் ஒரு நீரோட்டம் இருந்ததற்கான அறிகுறிகள் தெரிந்தன: ஓரத் தடங்களில் ஒரு திசையில் வேகம், திரும்பும்போது மந்தம். நீளப் பந்தயத்தில் போக வர ஈடாகிவிடும். 50 மீட்டர் பந்தயம் ஒரே திசை, ஈடாக வழியில்லை.

வரைபடத்தில் யாரும் கவனிக்காத இன்னொன்று தூரம். வார்ம்-அப் முடிந்து போட்டி தொடங்கும் வரை தசையின் சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். வார்ம்-அப்புக்குப் பிறகு 20 நிமிடத்தில் 200 மீட்டர் நீந்தியவர்கள், 45 நிமிடம் காத்திருந்து நீந்தியபோதைவிடச் சுமார் 1.5 சதவீதம் வேகமாக முடித்ததாக 2013-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. வார்ம்-அப் குளம் அடுத்த கட்டடத்தில், அழைப்பு அறை மூன்று படிக்கட்டு தாண்டி, அங்கே ஏசி 20 டிகிரி என்றால், அந்த 1.5 சதவீதத்தை நடைபாதையே தின்றுவிடும்.

இத்தனையும் போட்டி அரங்குகளைப் பற்றியது. விளையாடுபவர் அங்கே ஆண்டுக்குச் சில நாட்கள்தான் இருப்பார். மீதி நாளெல்லாம் பயிற்சிக் கூடத்தில். நான் வேலை செய்த திட்டங்களில் பணம் போன திசை இதற்குத் தலைகீழ். ஒரு பயிற்சிக் கூடத்தின் வரைபடத்தோடு ஒரு கோச்சைப் பார்க்கப் போனபோது, முகப்புப் படங்களை மரியாதைக்குப் புரட்டிவிட்டு அவர் கேட்டார்: “சார், காலையில நனைஞ்ச துணி சாயங்காலம் போடறதுக்குள்ள எங்க காயும்?” வரைபடத்தில் அப்படி ஓர் இடமே இல்லை. அப்புறம் உடைமாற்றும் அறைக்குப் பக்கத்தில் சூடான காற்று போகும் ஒரு சிறிய அறையைச் சேர்த்தோம். அந்தக் கட்டடத்தில் அதிகம் பயன்படும் அறை அதுவாகத்தான் இருக்கும்.

உபயோகிப்பவரின் உடம்பு எந்த அளவு நாடாவையும்விடத் துல்லியமானது என்பதற்கு 2000 சிட்னி ஒலிம்பிக்கே சாட்சி. பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில், ஓடிவந்து கையூன்றித் தாண்டும் வால்ட் கருவி 5 செ.மீ. தாழ்வாக இருந்தது. அனுபவம் மிக்கவர்கள்கூட ஒருவர் பின் ஒருவராகத் தடுமாறி விழுந்தார்கள். ஆஸ்திரேலியாவின் அல்லானா ஸ்லேட்டர் என்ற வீராங்கனை உயரம் சரியில்லை என்று சொன்ன பிறகே அளந்து பார்த்தார்கள்.

கட்டடங்களுக்கு அப்படி அளந்து பார்க்கும் வழக்கமே இல்லை. திறப்பு விழா அன்று எல்லாக் கருவிகளும் ஓடும். மூன்றாம் மாதம் மின்கட்டணம் வரும். பயிற்சி நேரத்தில் விசிறியை நிறுத்து, போட்டிக்கு மட்டும் போடு என்று உத்தரவு வரும். அதனால் இப்போது ஒப்படைப்பு ஆவணத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்கிறேன்: திறந்து ஓர் ஆண்டு கழித்து, சாதாரணப் பயிற்சி நாளில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே காற்றையும், தளத்தின் நான்கு மூலைகளிலும் அதிர்ச்சி உள்வாங்கலையும் மறுபடி அளக்க வேண்டும் என்று. சிலர் ஒத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலானவர்கள் அந்தச் செலவு யார் கணக்கில் என்று கேட்கிறார்கள்.